மலையேறும் நாயின் சூடு எங்கே போகிறது?

கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி, மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. மழை விட்ட மறுநாள், காலை பத்தரை மணி இருக்கும். எங்கள் கருப்பன் இருபது கிலோ எடையுள்ள நாட்டு நாய். அதுவரை எனக்கு முப்பதடி முன்னாலேயே போய்க்கொண்டிருந்தவன், திடீரென்று பாதையை விட்டு இறங்கி வயல் வாய்க்காலில் படுத்துக்கொண்டான். தண்ணீரைக் குடிக்கவில்லை. வயிறு முழுக்க நனையும்படி கால்களைப் பரப்பிக்கொண்டு, நாக்கை வெளியே தள்ளி இரைக்க ஆரம்பித்தான். பலாமரத்தடியில் நின்றிருந்த பாட்டி சொன்னார்: "வெயில் ஏறிப்போச்சு கண்ணு. நாய்க்கு எளைக்குது பாரு, செத்த நேரம் உக்காரு."

உட்கார்ந்தேன். மலையில் நாய்க்கு முதலில் தீர்ந்துபோவது கால்வலு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அதற்கு முன்பே தீர்வது, உடம்பில் சேரும் சூட்டை வெளியேற்றும் திறன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருபது கிலோ எடையை 300 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 14 கிலோகலோரி வேலை தேவை. தசை எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான், மிஞ்சிப் போனால், வேலையாக மாறும்; மற்றதெல்லாம் சூடு. அப்படியானால் அந்த 14-ஐச் செய்து முடிக்க 56 கிலோகலோரி எரிய வேண்டும், அதில் 42 உடம்பிலேயே சூடாகத் தங்கும். அந்தச் சூடு கொஞ்சமும் வெளியேறாவிட்டால் கருப்பனின் உடம்பு வெப்பம் இரண்டரை டிகிரி செல்சியஸ் கூடிவிடும். நாயின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதாவது, சூட்டை விடாமல் ஏறினால் ஒரே ஒரு 300 மீட்டர் ஏற்றம் ஒரு நாயை ஆபத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தப் போதும். சமதளத்தில் ஓடியது, முயலைப் பார்த்துத் துள்ளியது எதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

நமக்கு இதே ஏற்றத்தில் சட்டை நனைந்துவிடும், வியர்வை சூட்டைக் கொண்டுபோய்விடும். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடியில்தான் உண்டு, அவற்றால் உடம்பைக் குளிர்விக்க முடியாது. அதற்கு இருப்பது மூக்கும் வாயும்தான். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது அரை கிலோகலோரிக்குச் சற்று மேலாகச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த 42 கிலோகலோரியைத் துரத்த எழுபது மில்லி தண்ணீர் ஆவியானால் போதும். ஒரு சின்ன காபி டம்ளர் அளவு! அவ்வளவையும் நாக்கு, வாய், மூக்குக்குழி ஆகியவற்றின் ஈரப்பரப்பிலிருந்து ஆவியாக்குவதுதான் இரைப்பின் வேலை.

இரைப்பு வெறும் மூச்சுவாங்கல் என்றால் நாய் அதிலேயே களைத்துப்போயிருக்கும். சாதாரணமாக நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்கும் மூச்சு, இரைக்கும்போது முன்னூறையும் தாண்டும். இந்த வேகத்தில் தசைகள் இயங்கினால் அதுவே புதிதாகச் சூட்டை உண்டாக்காதா? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் விரல்நுனி போதும், தாளம் தப்பித் தள்ளினால் கை வலிக்கும். நாயின் நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. நாய் அந்தத் தாளத்திலேயே இரைக்கிறது, அதனால் குறைந்த உழைப்பில் அதிகக் காற்று போய்வருகிறது. மூச்சும் மேலோட்டமானது. காற்றில் பெரும்பகுதி மூக்கு, வாய், மூச்சுக்குழாயோடு திரும்பிவிடும். நுரையீரலின் ஆழம்வரை அத்தனை காற்றும் போனால் ரத்தத்தில் உள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறிக் குறைந்து, நாய் மயங்கிவிடும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 1970-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் அறிஞர் நட் ஷ்மிட்-நீல்சனும் அவரோடு பணியாற்றியவர்களும் இரைக்கும் நாயின் காற்றோட்டத்தை அளந்தார்கள். காற்று பெரும்பாலும் மூக்கு வழியாக உள்ளே போய், வாய் வழியாக வெளியே வருவதைக் கண்டார்கள். மூக்குக்குள் சுருள்சுருளாக மடிந்த மெல்லிய எலும்புத் தகடுகளின்மேல் ஈரத்தோல் போர்த்தியிருக்கிறது. காற்று அதில் ஈரத்தையும் சூட்டையும் ஏற்றிக்கொள்கிறது. வந்த வழியே மூக்கால் திரும்பினால் அந்தச் சூட்டில் ஒரு பகுதியை அங்கேயே திருப்பி விட்டுவிடும். வாயால் போனால் மொத்தமும் வெளியே. சூடு அதிகமாகாதபோது நாய் மூக்காலேயே வெளியேயும் விடும், சூடு ஏற ஏற வாய்க்கு மாற்றும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை ஏற்றத்துக்குக் கூட்டிப்போகவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். அந்தச் சுருள்களுக்கு அவற்றின் முகத்தில் போதிய இடம் இல்லை. வாயை இறுக்கிக் கட்டும் வாய்ப்பூட்டைப் போட்டு எந்த நாயையும் நடக்க வைப்பதும் அதே அளவு கொடுமை.

கொல்லிமலை அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டைஊசி வளைவுகள் ஏறினால் காற்று ஐந்தாறு டிகிரி குளிர்ந்திருக்கும். அதை நம்பித்தான் அன்று தாமதமாகக் கிளம்பினேன். ஆனால் மழை விட்ட மறுநாள் வெயில் அடித்தால் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரம் கிளம்பும். ஏற்கனவே ஈரம் நிறைந்த காற்று நாக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆவி குறைவு. நமக்கு இதமாகத் தோன்றும் வேளையில்கூட நாயின் குளிர்விப்பு மந்தமாகலாம்.

வாய்க்காலில் கருப்பன் செய்தது கச்சிதமான வேலை. வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ரோமம் குறைவு, தோல் மெல்லிசு. தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். நாம் உதவுவதானாலும் வயிறும் இடுக்குகளும் உட்பட உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, காற்றுப்படும்படி விசிறுவதே சரி. ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளே அடைத்துவிடும்.

அருகில் குனிந்து அவன் நாக்கைப் பார்த்தேன். வழக்கத்தைவிட அகன்று, நுனி கரண்டிபோல மேல்நோக்கி வளைந்திருந்தது. பரப்பைக் கூட்ட நாக்கு செய்யும் ஏற்பாடு அது. எச்சில் நீர்த்திருந்தது, ஈறு இளஞ்சிவப்பு. இதுவரை கவலையில்லை. எச்சில் பசைபோலக் கெட்டியாகி, ஈறு செங்கல் நிறத்துக்குப் போய், நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே அங்கேயே குளிர்வித்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். தேறிவிட்டதுபோலத் தெரிந்தாலும் காட்டியே ஆக வேண்டும், குடலிலும் சிறுநீரகத்திலும் ஏற்பட்ட சேதம் பிறகுதான் வெளியே தெரியும். நிலைமை அங்கே போவதற்குள் நாய் தானாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாம் நடந்தால் அதுவும் நடக்கும்.

இறக்கத்தில் சூட்டுப் பிரச்சினை குறையும், பாரம் இடம் மாறும். சமதளத்தில் நிற்கும்போதே நாயின் எடையில் அறுபது விழுக்காடு முன்னங்கால்களில்தான். இறங்கும்போது அது இன்னும் கூடும். நமக்குப்போலத் தோளை நெஞ்சோடு பூட்டும் காறை எலும்பு நாய்க்கு இல்லை. நெஞ்சுக்கூடு இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தசைகளால் கட்டிய தொட்டில்போலத் தொங்குகிறது, அதிர்ச்சியை அந்தத் தொட்டில்தான் வாங்குகிறது. முன்னங்காலின் பின்புறம், தரையைத் தொடாமல் சற்று மேலே, தனியாக ஒரு சின்ன மெத்தை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்தில் கால் மடங்கிச் சறுக்கும்போது அது பாறையைத் தொட்டுப் பிடிக்கும். வீட்டுத் தரையிலேயே வளர்ந்த நாயின் பாதத்தோல் மெல்லிசு. கரடுமுரடான பாதையில் சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால்தான் தடிக்கும். வெயிலில் கிடந்த பாறையில் நம் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் காலையும் வைக்கக்கூடாது.

கயிற்றை அவிழ்க்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் நாயோடு போகவே வேண்டாம். கரடியையோ பாம்பையோ நினைத்து மட்டும் சொல்லவில்லை. 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தபோது, அவற்றில் பலவற்றின் உடலில் கண்டது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். தடுப்பூசி போடாத நாயின் மூக்குச்சளியும் எச்சிலும் காட்டு விலங்குகளுக்கு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை.

பாட்டி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பத்து நிமிடத்தில் இரைப்பு அடங்கிவிடும் என்று பார்த்தேன், இருபது நிமிடம் ஆனது. அதற்குமேல் ஏறவில்லை, திரும்பிவிட்டோம். சாயங்காலம் திண்ணையில் அவன் விரலிடுக்குகளை விரித்துப் பார்த்தபோது மூன்று அட்டைகள், காதின் உள்மடிப்பில் இரண்டு உண்ணிகள். உப்புத் தண்ணீரைத் தொட்டதும் அட்டைகள் பிடியை விட்டன. ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அவை விட்டுவைத்திருந்ததால் பஞ்சை வெகுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கே கிளம்பினோம். அதே ஏற்றம், அதே வாய்க்கால். கருப்பன் அதைத் தாண்டிக் குதித்துப் போனான், வாய் மூடியே இருந்தது.