காயிலை வெட்டினால் கிரிப் வராது

இந்த மழைக்காலத்தில் இது மூன்றாவது கார். குன்னூரில் 22 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். முன் காயில் ஸ்பிரிங்கை வீட்டிலேயே வெட்டிக்கொண்டு வருகிற வண்டியை முன்பெல்லாம் வருடத்துக்கு ஒன்று பார்ப்பேன். இப்போது மாதத்துக்கு ஒன்று வருகிறது. மனசு தாங்காமல்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வந்தது கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து. வீட்டுக்கு ஏறும் சிமெண்ட் ரோடு செங்குத்து, நடுவில் ஒரு வளைவு. மழை பெய்தால் அந்த வளைவில் முன்வீல் சுழல்கிறது, வண்டி ஏற மறுக்கிறது. வண்டிக்காரத் தம்பி ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, கிரைண்டரை வைத்து முன்பக்கம் இரண்டு காயிலிலும் ஒன்றரைச் சுற்று வெட்டியிருக்கிறார். பின்பக்கம் ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு அங்குல ரப்பர் கட்டை. அப்படியே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கியிருக்கிறார். ஒரு பள்ளத்தில் வீல் தொங்கி மேலே வந்தபோது, நீளம் குறைந்த காயில் தன் தட்டை விட்டு நழுவிவிட்டது. வெட்டுமுனை டயரின் உள்பக்கத்தைக் கிழித்துவிட்டது. வண்டி மலைப்பக்கம் உரசி நின்றது. இன்னொரு பக்கம் என்ன இருக்கிறது என்று இந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். அந்த அம்மா என் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கொடுத்த டீயைத் தொடவே இல்லை.

தம்பியிடம் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். “முன்னாடி இறக்கி, பின்னாடி ஏத்தினா வெயிட்டு முன்வீலுக்கு வரும்ல அண்ணா?” என்றார்.

எல்லோரும் சொல்வது இதுதான். அதனால் இதை மட்டும் பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஏறக்குறைய 900 கிலோ எடையுள்ள ஒரு சின்ன காரை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 2.4 மீட்டர். அதன் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கினால் முன்வீல்களுக்குக் கூடுதலாக வரும் பாரம் ஐந்து கிலோ கூட இருக்காது. இரண்டு வீலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதே கார் பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் நின்றாலே முன்பக்கத்திலிருந்து 20 கிலோ பின்னால் போய்விடும். நம் ஊரில் அதைவிடச் செங்குத்தான சந்துகள் எத்தனை! டிக்கியில் 60 கிலோ அரிசி மூட்டைகளைப் போட்டால் முன்பக்கத்தில் இன்னும் பத்து கிலோ குறைகிறது, ஏனென்றால் டிக்கி பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருக்கிறது. அந்த மூட்டைகளை எடுத்து முன் சீட்டுக்குக் கீழே வைத்திருந்தால், கிரைண்டரைத் தொடாமலேயே அந்த ரப்பர் கட்டையைவிடப் பல மடங்கு பலன் கிடைத்திருக்கும்.

சரி, ஐந்து கிலோவாவது லாபம்தானே என்றால், அதுவும் இல்லை. காயிலில் சுற்றுக் குறைந்தால் மிச்சம் இருப்பது இறுகிவிடும். வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றரை போனால் மூன்றில் ஒரு பங்கு இறுக்கம் கூடும். வளைவில் வண்டி சாயும்போது, முன்பக்கம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு உள்பக்க முன்வீலின் பாரம் குறையும். பாரம் குறைந்த வீல்தான் சுழலும். இரண்டு வீலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில் ஒரு வீல் சும்மா சுழன்றால் மற்ற வீலுக்கும் இழுக்கும் சக்தி வராது. அதாவது, எந்த வளைவில் வீல் சுழல்கிறது என்று காயிலை வெட்டினாரோ, அதே வளைவில் அது முன்னைவிட அதிகமாகச் சுழலும். காயிலுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுவதும் இதே கதைதான். டிஃபரன்ஷியலையே வெல்டிங் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்பவே மறுக்கும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேஸ் கட்டிங் வைத்து வெட்டினால் இன்னும் மோசம். சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும், என்றைக்கு உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பக்கம் இறங்கியதால் கேம்பரும் டோவும் (வீல் நிற்கும் சாய்வும் திசையும்) மாறி, டயர் உள்பக்கமாகத் தேயும். பின்பக்கம் ஏறியதால் ஹெட்லைட் தரையைப் பார்க்கும், பனிமூட்டத்தில் விபத்துக்கு இது போதும். சில பழைய கார்களில் பின் ஆக்சிலோடு இணைத்த ஒரு பிரேக் வால்வு உண்டு. பின்பக்கம் உயர்ந்திருந்தால் வண்டியில் ஆளில்லை என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மேட்டுப்பாளையம் போகும் வழியில் உள்ள பர்லியார் வரை இறங்குவதற்குள் முன் பிரேக் மட்டும் கொதித்துப் போகும். ஏறுவதற்காக மாற்றிய வண்டியில்தான் இறங்கவும் வேண்டும் என்பதை ஏன் மறந்துவிடுகிறார்கள்?

இத்தனைக்கும் அந்தத் தம்பியின் வண்டியில் குறை எங்கே இருந்தது தெரியுமா? டயரில். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். அவருடையதில் 3114. 2014-ஆம் வருடம் 31-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் (டயரின் மேல் உள்ள கட்டைகள்) ஆழம் இன்னும் மிச்சம் இருந்ததால் நல்ல டயர் என்றே நினைத்திருக்கிறார். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. பழைய ரப்பர் குளிரில் இன்னும் இறுகும். ஈரத்தில், அதுவும் தைல மர இலை விழுந்த ரோட்டில், அது எதையும் பிடிக்காது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். மலையில் மூன்றுக்குக் கீழே வந்தாலே மாற்றிவிடுங்கள் என்பேன்.

ஆகவே முதலில் டயரைப் பாருங்கள். டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் காற்றுப் பாருங்கள். கிரிப்புக்காகக் காற்றை இறக்காதீர்கள். அடுத்தது ஷாக் அப்சார்பர். ஆயில் கசிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். சிமெண்ட் ரோட்டில் பாசி இருந்தால் தேய்த்துக் கழுவுங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்திருக்கிறது. ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் தடவுங்கள், வளைவின் நடுவில் நிற்காதீர்கள். இறங்கி வருகிறவர்களும் ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள், அதுதான் விதி. இதெல்லாம் செய்தும் ஏறாத சின்னத் தூரத்துக்கு, பின்னால் ஒருவரை நிறுத்திவிட்டு ரிவர்ஸில் ஏறிப் பாருங்கள். அப்போது இழுக்கிற வீல்கள் பள்ளத்துப் பக்கம் இருப்பதால் பாரம் அவற்றின் மேல் வரும். எஸ்டேட் டிரைவர்களுக்கு இது பழைய பழக்கம்.

அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால், 2019-இல் வந்த சட்டத் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? அந்த வண்டியில் மலை இறங்க வேண்டாம். வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். புதுக் காயில் இரண்டையும் ஜோடியாக அங்கேயே மாட்டிவிடலாம், அரை நாள் வேலை. யாரும் திட்ட மாட்டார்கள். நானும் அந்தத் தம்பியைத் திட்டவில்லை. நான்கு டயரும் இரண்டு காயிலும் புதிதாகப் போட்டு, பின்னால் இருந்த ரப்பரை எடுத்துவிட்டு அனுப்பினேன். மறுநாள் மழையிலேயே போன் செய்தார், வண்டி வீட்டு வாசலில் நிற்கிறதாம்.