கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு

போன மாதம் திருப்பாதிரிப்புலியூரில் முந்திரிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒரு விளம்பர ஏஜென்சியின் கொட்டேஷனை என் முன்னால் நீட்டினார். பதினோரு சமூக வலைதளங்களில் கணக்கு தொடங்கித் தருகிறார்களாம். தினம் ஒரு போஸ்டர், வாரத்துக்கு ரெண்டு வீடியோ, ஒரு வருட ஒப்பந்தம். பட்டியலில் த்ரெட்ஸ், ப்ளூஸ்கை, மாஸ்டடான் எல்லாம் இருந்தன. ஒன்பதாவது வரியில் ‘கூ’ என்று போட்டிருந்தது.

“அண்ணே, இதுல ஒண்ணு செத்துப் போச்சு” என்றேன்.

“எது தம்பி?”

“கூ. மூடி ரொம்ப நாள் ஆச்சு.”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப மிச்சம் பத்துதானே, காசைக் குறைச்சுக் கேட்கலாமா?” என்றார்.

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு, கடலூர் வரைக்கும் உள்ள சின்னக் கடைகளுக்கு இணைய விளம்பரம் செய்து தருவது என் பிழைப்பு. “புதுசா ஒண்ணு வந்திருக்காமே, அதுல நாமளும் இருக்க வேணாமா?” என்ற கேள்வி வாரம் ஒருமுறையாவது என் காதில் விழுந்துவிடுகிறது. அந்த அண்ணனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கூ கதை. ட்விட்டர் மாதிரியே ஓர் இந்தியச் செயலி, 2020 மார்ச்சில் அப்ரமேய ராதாகிருஷ்ணாவும் மயங்க் பிடாவட்காவும் தொடங்கியது. அடையாளம் மஞ்சள் குருவி, இந்திய மொழிகள், தமிழிலேயே எழுதலாம். 2021இல் விவசாயிகள் போராட்டத்தை ஒட்டி ட்விட்டருக்கும் மத்திய அரசுக்கும் உரசல் வந்தபோது அமைச்சர்கள் பலர் அதற்குப் போனார்கள். அந்த வேகத்தைப் பார்த்து நானும் இரண்டு கடைக்காரர்களை அதில் சேர்த்துவிட்டேன், மறைக்க விரும்பவில்லை. 2024 ஜூலையில் கடையைச் சாத்தினார்கள். அதற்குள் சேர்ந்த ஃபாலோயர்களை மூட்டை கட்டி வேறு இடத்துக்குத் தூக்கிப் போக வழியில்லை. யார் எவர் என்றுகூடத் தெரியாது, ஒருவருடைய போன் நம்பரும் நம்மிடம் இல்லை. 2014 செப்டம்பரில் கூகுள் நடத்திய ஆர்குட்டும் 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ்ஸும் போனபோதும் இதே கதைதான். கூகுளாலேயே நடத்த முடியவில்லை.

அதனால் ஒரு புதுத் தளத்தைப் பார்க்கும்போது நான் கேட்பது இரண்டே கேள்வி. இதைப் பார்ப்பவர் நம் கடைக்கு வரக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா, அல்லது பார்சல் வாங்கக்கூடியவரா? இந்தத் தளம் நாளைக்கே மூடினால் நம் கையில் என்ன மிஞ்சும்?

முதல் கேள்விக்குப் பதில் கம்ப்யூட்டரில் கிடைக்காது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிடச் சொல்வேன். தேதி, வாங்கிய பொருள், ‘எப்படித் தெரிஞ்சுது?’ என்று மூன்று கட்டம். ரெண்டு மாதம் எழுதினால் போதும். பில் போடும் பெண்ணுக்கு ஒரே ஒரு பயிற்சி கொடுக்க வேண்டும். வருகிறவர் “போன்ல பார்த்தேன்” என்பார். அங்கேயே விட்டுவிடக் கூடாது, “போன்ல எதுலங்க?” என்று கேட்க வேண்டும். “ஃபேஸ்புக்கா, இன்ஸ்டாவா?” என்று நாமே எடுத்துக் கொடுத்தால், எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

அப்படிக் கேட்டதில் முந்திரிக் கடை நோட்டில் அடிக்கடி விழுந்த பதில் “கூகுள்ல”. தோண்டிப் பார்த்தால் அது கூகுள் மேப். சில்வர் பீச்சுக்கு வருகிறவர்கள் திரும்பும் வழியில் ‘முந்திரி’ என்று தேடியிருக்கிறார்கள். கடையின் குறியோ மேப்பில் பக்கத்துத் தெருவில் இருந்தது. பதினோரு தளத்துக்குக் காசு கொடுக்கத் தயாராக இருந்தவருக்கு, காசே வாங்காத ஒரு குறியைச் சரியான வாசலில் வைக்கச் சொல்ல ஆளில்லை. அதைத்தான் முதலில் திருத்தினோம்.

இனி புதியவை. இன்ஸ்டாகிராம்காரர்களின் த்ரெட்ஸ் 2023 ஜூலையில் வந்தது. ஐந்தே நாளில் பத்து கோடிப் பேர் கணக்கு தொடங்கினார்கள். அதிசயம் ஒன்றுமில்லை, இன்ஸ்டாகிராமில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் அதே பெயரில் இங்கும் நுழைந்துவிடலாம். ஒரு பதிவுக்கு 500 எழுத்து. படத்தை விடப் பேச்சுக்கு மதிப்புள்ள இடம். கடைக்காரர்கள் இங்கே செய்யும் தப்பு, இன்ஸ்டாவில் போட்ட அதே போஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டுவது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் “வீக்எண்டு பாண்டி போறோம், குழந்தையோட தங்க நல்ல இடம் சொல்லுங்க” என்று சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒயிட் டவுனில் விருந்தினர் இல்லம் நடத்தும் ஓர் அம்மாவிடம், பதிவே போடாதீர்கள், தினம் பத்து நிமிடம் இந்தக் கேள்விகளைத் தேடிப் பதில் மட்டும் எழுதுங்கள் என்றேன். தன் இல்லத்தைப் பற்றி மட்டும் எழுதாமல், எந்தத் தெருவில் கார் நிறுத்தலாம், ஞாயிறு சந்தைக்குக் காந்தி வீதியில் எத்தனை மணிக்குப் போனால் நடக்க இடமிருக்கும் என்றெல்லாம் எழுதினார். விசாரணை வர ஆரம்பித்தது. முந்திரிக் கடைக்கு இது பொருந்தாது. முந்திரி எங்கே வாங்கலாம் என்று யாரும் ஊர் முழுக்கக் கேட்பதில்லை.

ப்ளூஸ்கை வேறு ஜாதி. 2019இல் ட்விட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சி அதற்குள்ளேயே ஒரு திட்டமாகத் தொடங்கியது, பிறகு தனியாகப் பிரிந்தது. அழைப்பு இருந்தால்தான் சேரலாம் என்ற கட்டுப்பாடு 2024 பிப்ரவரியில் போனது. அந்த நவம்பரில், அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு, இரண்டு கோடிப் பேரைத் தாண்டியது. காசு கொடுத்து விளம்பரம் போடும் வசதியோடு அது வரவில்லை. கடலூரில் இருப்பவருக்கு மட்டும் காட்டு என்று சொல்லவும் முடியாது. பஜ்ஜிக் கடைக்கு அங்கே என்ன வேலை?

ஆனாலும் எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம் உண்டு. 300 எழுத்துதான் என்றாலும், கண்ணுக்குத் தெரிகிற முழு எழுத்தை ஒன்றாக எண்ணுகிறது. ‘கொ’ என்றால் ஒன்றுதான், ‘க’வுக்கு ஒன்று, கொம்புக்கும் காலுக்கும் ஒன்று என்று கணக்குப் போடுவதில்லை. தமிழில் எழுதுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. இன்னொன்று, சொந்த இணையதளம் இருந்தால் அந்த முகவரியையே கணக்கின் பெயராக வைத்துக்கொள்ளலாம். வேறொருவர் அந்தப் பெயரில் வர முடியாது. புதுச்சேரியில் கையால் நோட்டுப் புத்தகம் தைத்து விற்கும் ஒருவர் என் வாடிக்கையாளர். அவருடைய பொருளை வாங்குகிறவர்கள் மை பேனா பைத்தியங்கள், பெரும்பாலும் வெளிநாடு. அவர்கள் அங்கே கூடிப் பேசுகிறார்கள். ஆர்டர்கள் குறைவு, ஆனால் பேரம் பேசாத ஆர்டர்கள்.

மாஸ்டடான் 2016இலிருந்தே இருக்கிறது, ஜெர்மனியின் ஆய்கன் ரோக்கோ உருவாக்கியது. ஒரே கம்பெனியாக இல்லாமல் தனித்தனி சர்வர்களாக இயங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் அதனதன் விதி. விளம்பரம் மட்டுமே போடும் கணக்கைப் பல சர்வர்கள் விரட்டிவிடும். கொட்டேஷன் எழுதியவர் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

குட்டி வீடியோ பக்கம் வருவோம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அந்த இடத்தைப் பிடிக்க மோஜ், ஜோஷ், இன்ஸ்டா ரீல்ஸ் எல்லாம் ஜூலைக்குள் ஓடிவந்தன. யூடியூப் ஷார்ட்ஸ் செப்டம்பரில் வந்தது. என் அனுபவத்தில் ரீல்ஸ் மத்தாப்பு மாதிரி, ரெண்டு நாள் வெளிச்சம். ஷார்ட்ஸ் மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்தும் யாராவது தேடி வந்து பார்ப்பார்கள்.

மஞ்சக்குப்பத்தில் ஆரி வேலை செய்யும் தையல்காரப் பெண் ஒருவர், ஜாக்கெட்டுக்குப் பைப்பிங் வைப்பதை ஷார்ட்ஸாகப் போட்டார். திருநெல்வேலியிலிருந்து மலேசியா வரை பார்த்தார்கள், பாராட்டினார்கள். ஒருவர்கூட ஆர்டர் கொடுக்கவில்லை. அளவு எடுக்காமல் ஜாக்கெட் எப்படித் தைப்பது? அவர் சோர்ந்துபோன நேரத்தில் நான் அந்த வீடியோக்களைப் பார்த்தேன். கீழே விவரக் குறிப்பில் வாட்ஸ்அப் லிங்க் போட்டிருந்தார். 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸின் விவரக் குறிப்பிலோ கருத்திலோ போடும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது, யூடியூப் அதை நிறுத்திவிட்டது. இது பலருக்குத் தெரியவில்லை. நம்பரை வீடியோவுக்குள்ளேயே பெரிதாக எழுதச் சொன்னேன். கூடவே, அளவு ஜாக்கெட்டைக் கூரியரில் எப்படி அனுப்புவது என்று ஒரு வீடியோ. அதற்குப் பிறகுதான் போன் அடித்தது.

இரண்டாவது கேள்வி, நம் கையில் என்ன மிஞ்சும் என்பது. இங்கேதான் வாட்ஸ்அப் வருகிறது. பழசுதானே என்று நினைக்காதீர்கள், அதற்குள்ளேயே புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல். கேட்க நன்றாக இருக்கும், எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் உங்கள் நம்பர் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் நம்பர் உங்களுக்குத் தெரியாது. உங்கள் அறிவிப்புக்கு இமோஜி போடலாம், “ஒரு கிலோ அனுப்புங்க” என்று பதில் எழுத முடியாது. கட்சிக்கும் பத்திரிகைக்கும் சரி. கடைக்கு வைப்பதானால் ஒவ்வொரு அறிவிப்பிலும் நம்பரைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. “ஐந்நூறு பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடலை” என்பார்கள். ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே வாடிக்கையாளர் நம்பரை நாம் வாங்குவது பாதி வேலை. நம் நம்பரை அவர் போனில் ஏற்றுவது மறுபாதி. “அக்கா, புது லாட் வந்தா ஸ்டேட்டஸ்ல போடுவேன், நம்பரை சேவ் பண்ணிக்கங்க” என்று சொன்னால் போதும். அவரைக் கேட்காமல் குழுவில் தூக்கிப் போடுவது மட்டும் வேண்டாம், அடுத்த நிமிடம் பிளாக் ஆவீர்கள்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவு. புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மறுநாள் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, படம் எதுவும் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரிக்காரர் ‘ரொட்டி இருக்கு, பால் பத்து மணிக்கு வரும்’ என்று வெறும் எழுத்தில் ஸ்டேட்டஸ் வைத்தார். அழகான பக்கம் வைத்திருந்த பெரிய கடைகளுக்கு அன்றைக்கு வாய் இல்லை.

வாட்ஸ்அப் மாதிரி வந்திருக்கும் ‘அரட்டை’ செயலி பற்றியும் கேட்கிறார்கள். ஸோஹோ 2021இல் வெளியிட்டது, 2025 செப்டம்பரில் திடீரென்று பறந்தது. தினம் 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தது மூன்றே நாளில் 3,50,000 ஆனதாக ஸோஹோவைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு சொன்னார். பெயரே தமிழ், எனக்கும் சந்தோஷம், என் போனிலும் இருக்கிறது. கடைக்கு? நோட்டில் வாடிக்கையாளர் யாராவது அதைச் சொன்னால் அன்றைக்குத் தொடங்கலாம்.

ஃபுட் விலாகர்கள் பற்றிச் சுருக்கமாக. காசோ இலவசச் சாப்பாடோ வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அது விளம்பரம் என்று வீடியோவிலேயே சொல்ல வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. பேசியவருக்கு மட்டும் இல்லை, கடைக்காரருக்கும்தான். “கண்டுக்க மாட்டாங்க சார்” என்று விலாகர் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

பதினோரு கணக்கில் எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது வேறு. ஒப்பந்தத்தில் எல்லாக் கணக்கும் அவர்களுடைய மின்னஞ்சலில் தொடங்கப்படும் என்று இருந்தது. நாளைக்குச் சண்டை வந்தால் கடையின் பெயர் அவர்களோடு போய்விடும். கணக்கு உங்கள் நம்பரில், உங்கள் மின்னஞ்சலில், இரண்டடுக்குப் பாதுகாப்போடு இருக்கட்டும். ஏஜென்சிக்கு நிர்வாகி அனுமதி கொடுத்தால் போதும்.

அந்த விருந்தினர் இல்லத்து அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். யாரோ அவருடைய படங்களை எடுத்து, பெயரில் ஒரு கோடு மட்டும் கூடுதலாக வைத்து, இன்ஸ்டாவில் போலிக் கணக்கு நடத்தியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் பெட்டியும் குழந்தைகளுமாக ஒரு குடும்பம் வாசலில் நிற்கிறது. முன்பணம் க்யூஆரில் வேறு யாருக்கோ போயிருக்கிறது. பணத்தை இழந்தவர்களை உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் போட வைத்தோம். சைபர் குற்ற இணையதளத்தில் புகார், தளத்தில் போலிக் கணக்கு என்று ரிப்போர்ட். அன்றிலிருந்து எந்தப் புதுத் தளம் வந்தாலும் முதல் வாரமே பெயரைப் பிடித்து வைக்கச் சொல்கிறேன். போன் நம்பர், ‘முன்பணம் இந்த நம்பருக்கு மட்டும்’ என்று ஒரே ஒரு பதிவு. பிறகு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

அண்ணன் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மேப், வாட்ஸ்அப், வாரம் ஒரு ஷார்ட்ஸ் என்று மூன்றோடு நிறுத்தியிருக்கிறோம். போன வாரம் நோட்டைப் புரட்டினேன். ‘எப்படித் தெரிஞ்சுது?’ கட்டத்தில், பில் போடும் பெண்ணின் கோணல் கையெழுத்தில், “ஆபீஸ்ல ஒருத்தர் டப்பாவோட கொண்டு வந்தாராம்” என்று நாலைந்து இடத்தில் இருந்தது. டப்பாவில் கடைப் பெயர்கூட இல்லை. மூடியில் ஒட்ட, வாட்ஸ்அப் க்யூஆரோடு ஸ்டிக்கர் அடிக்க மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரஸ்ஸில் கொடுத்திருக்கிறோம். வியாழக்கிழமை வந்துவிடும் என்றார்கள்.