"அது ஹார்மோன் இல்லை டாக்டர், தேதி தள்ளுகிற மாத்திரை"

போன மாதம் 29 வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய அம்மா கைத்தாங்கலாக என் அறைக்குள் அழைத்து வந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கித் தோல் பளபளத்தது. டேப் வைத்து அளந்தேன். இடது கெண்டைக்கால் வலதைவிட 4 செ.மீ. கூடுதல். வேனில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததால் வந்த பிடிப்பு என்று இரண்டு நாள் தைலம் தேய்த்திருக்கிறார்கள். டாப்ளர் ஸ்கேனில், காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருப்பது தெரிந்தது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலைத் தேய்த்திருக்கவே கூடாது.

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டாயாம்மா?" இரண்டு முறை கேட்டும் இல்லை என்றாள். மூன்றாவது முறை கேட்டபோது அம்மா கைப்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். உள்ளே கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத் துண்டு, மூன்று மாத்திரைகள் மீதி. பெயரின் வால் மட்டும்தான் அந்தத் துண்டில் இருந்தது. காலாவதித் தேதியும், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிட்டன. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்காக வாங்கியது. அதன்பின் ஒரு புதுமனைப் புகுவிழா வந்ததால் நிறுத்தாமல் 20 நாள் நீட்டியிருக்கிறாள்.

இந்த அம்மாவை எனக்கு முன்பே தெரியும். ஆறு மாதத்துக்கு முன் இளைய மகளை அழைத்து வந்திருந்தார். 21 வயது, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, "ஹார்மோன் மாத்திரையா? கல்யாணம் ஆக வேண்டிய பெண் டாக்டர், கர்ப்பப்பை கெட்டுவிடும்" என்று சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனவர். மூத்தவள் சாப்பிட்டதும் ஹார்மோன்தான் என்று இப்போது நான் சொன்னபோது அவர் முகம் மாறியது. "அது ஹார்மோன் இல்லை டாக்டர், தேதி தள்ளுகிற மாத்திரை" என்றார்.

இந்த வருடம் இதே வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தேதி தள்ளுகிற மாத்திரையின் பெயர் நார்எதிஸ்டிரோன். செயற்கை ஹார்மோன்களிலேயே மூத்தவற்றில் ஒன்று. 1951-இல் மெக்சிகோ நகரத்தில், அந்நாட்டுக் காட்டுக் கிழங்கு ஒன்றிலிருந்து எடுத்த மூலப்பொருளைக் கொண்டு கார்ல் ஜெராசி குழுவினர் உருவாக்கியது. உலகம் முழுக்கக் கருத்தடை மாத்திரைகளில் பயன்பட்டது. நீங்கள் எந்த மாத்திரையின் பெயரைக் கேட்டு நடுங்குகிறீர்களோ, அதன் சொந்த அக்காவைத்தான் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறீர்கள். தேதி தள்ள வழக்கமாகக் கொடுப்பது 5 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை. இந்த அளவில் சாப்பிடும்போது அதில் ஒரு சிறு பகுதி உடலுக்குள், ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனாக மாறுகிறது. குறைந்த அளவுக் கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கு அது நெருங்கி வரலாம். மருத்துவர்களிலேயே பலர் இதை மறந்துவிடுகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ரத்தம் உறையும் வாய்ப்பு உள்ள பெண்ணுக்கு அப்படி மாறாத வேறு மருந்து இருக்கிறது. ஆனால் அவள் யார், அவள் வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டால்தானே அதை எழுத முடியும்?

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஹார்மோன் எடுக்காத, கருவுறாத பெண்கள் 10,000 பேரில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு இப்படி ரத்தம் உறைகிறது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகையும் சேர்ந்த கூட்டு ஹார்மோன் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களில் அது 5 முதல் 12 பேர் வரை. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இதைவிட அதிகம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சிலர் யார் என்பதைத்தான் நாங்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கிறோம். இந்தப் பெண்ணின் எடை 92 கிலோ. அவளுடைய பெரியம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பின் இதேபோல் கால் வீங்கி மாதக்கணக்கில் ஊசி போட்டதாக வார்டில் வைத்துத்தான் சொன்னார்கள். மேலே 11 மணி நேர வேன் பயணம். இரண்டு நிமிடக் கேள்வியில் எல்லாம் வெளியே வந்திருக்கும்.

இனி அந்தக் "கர்ப்பப்பை கெட்டுவிடும்" பேச்சுக்கு வருகிறேன். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கு மாதக்கணக்கில் தீட்டு வராமலிருந்தால், கர்ப்பப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு கூடுகிறது. ஹார்மோன் அந்தச் சவ்வைக் காக்கிறது. கர்ப்பப்பையைக் கெடுப்பது மாத்திரை என்று நினைத்து, உண்மையில் கெடுக்கக்கூடியதை வளரவிடுகிறீர்கள். கருத்தடை மாத்திரையை நிறுத்தினாலும் குழந்தை பிறக்காது என்பதும் பொய். நிறுத்திய சில மாதங்களில் கருமுட்டை வெளியாவது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்கு மட்டும் கூடுதல் காலம் பிடிக்கும். கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்கப் பத்து மாதம்கூட ஆகலாம். விரைவில் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அந்த ஊசியை நான் எழுதுவதில்லை. புற்றுநோய்? கூட்டு மாத்திரை சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றே கூடுகிறது, நிறுத்தியபின் ஆண்டுகள் செல்லச் செல்ல அது மறைகிறது. அதே மாத்திரை சினைப்பைப் புற்றுநோயையும் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோயையும் குறைக்கிறது. அந்தப் பாதுகாப்பு நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் நீடிக்கிறது. இந்த இரண்டாவது பாதியை உங்களிடம் யாரும் சொல்வதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் இருப்பதும் இந்த வகை ஹார்மோன்தான். 28 மாத்திரையில் கடைசி 7 வெறும் இரும்புச்சத்து.

மாதவிடாய் நின்றவர்களுக்கான ஹார்மோன் மீதான அச்சம் 2002-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வின் ஒரு பகுதியை, ஆபத்து கூடுவதாகச் சொல்லிப் பாதியில் நிறுத்தியபோது பிறந்தது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. உடல் தகித்து இரவெல்லாம் தூங்காமல் வரும் 49 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 35 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டவருக்கோ, வேறு தடை இல்லாவிட்டால், ஏறக்குறைய 50 வயது வரை ஹார்மோன் கொடுக்காமல் விடுவதுதான் எலும்புக்கு ஆபத்து.

தேதி தள்ள வேண்டுமா? வாருங்கள், கொடுக்கிறோம். கோயிலுக்கா, தேர்வுக்கா என்று நான் கேட்பதில்லை. ஆனால் தேதிக்கு ஒரு வாரம் முன்பாவது வாருங்கள். மாத்திரையை மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். முந்தைய இரவு தொடங்கிவிட்டு, கசிகிறது என்று நீங்களாக இரட்டிப்பாக்காதீர்கள். இப்படிச் சாப்பிடுவது கருத்தடை ஆகாது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தீட்டு வர வேண்டும். வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். முன்பு ரத்தம் உறைந்திருந்தால், கண்முன் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால், ரத்த அழுத்தம், கல்லீரல் நோய், மார்பில் கட்டி இருந்தால், குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகாவிட்டால், வாய் திறந்து சொல்லுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது, அதையும் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

மருந்துக்கடைத் தம்பிகளிடம் கெஞ்சியே கேட்கிறேன்: சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். சீட்டோடு வந்தாலும் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி அட்டையை வெட்டிக் கொடுங்கள்.

அந்தப் பெண் இப்போது நடக்கிறாள். உறைவெதிர்ப்பு மாத்திரையை இன்னும் சில மாதம் சாப்பிட வேண்டும். அடுத்த முறை கருவுற்றால் வயிற்றில் தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அவள் கோப்பின் முதல் பக்கத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். தங்கைக்கும் என் பழைய சீட்டை மாற்றிவிட்டேன். உடன்பிறந்தவளுக்கு இந்த வயதில் ரத்தம் உறைந்த பிறகு கூட்டு மாத்திரையை அவளுக்கு எழுத மாட்டேன். மாதத்தில் 10 நாள் புரோஜெஸ்டிரோன் வகை மட்டும். புதிய சீட்டை அம்மா வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "இதுவும் ஹார்மோன்தானே டாக்டர்?" என்றார். ஆமாம் என்றேன். எதற்கு, எத்தனை நாள், என்ன ஆனால் உடனே வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்.