ஸ்டீயரிங் சொல்லும் சேதி

"சொன்ன பேச்சு கேட்கும் வண்டி" என்று ஒருவர் மெச்சும் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உயிரே இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குவார் இன்னொருவர். இரண்டு பேச்சுக்கும் காரணம் உண்டு. அதில் பாதி, டயர் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு இடத்தில் இருக்கிறது.

வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் அந்த இடத்து ரப்பர் பக்கவாட்டில் வளைந்துகொடுக்கிறது. முன்பகுதியைவிடப் பின்பகுதி அதிகம் வளைவதால், பக்கவிசை நடுப்புள்ளிக்குச் சற்றுப் பின்னால் விழுந்து சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. கையில் நாம் உணரும் எதிர்ப்பில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. வேகம் மிஞ்சினால் ரப்பரின் பின்பகுதிதான் முதலில் வழுக்கும். விசை முன்னோக்கி நகரும், ஸ்டீயரிங் லேசாகும். முன்சக்கரம் பிடியை முழுதாக இழப்பதற்கு முன்பே கைக்குத் தகவல் வந்துவிடுகிறது.

இந்தத் தகவலுக்காகவே சிலர் வளைவுகளைத் தேடிப் போகிறார்கள். நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்புபவருக்கோ அது வெறும் தொந்தரவு. இன்றைய கார்களில் மின் மோட்டார் ஸ்டீயரிங்குக்கு உதவுவதால், எவ்வளவு சேதியைக் கைக்கு விடுவது என்பதில் மென்பொருளுக்கும் பங்குண்டு. பல கார்கள் தேவைக்கு மேல் அமுக்கிவிடுகின்றன என்பது என் குறை.

அடுத்தது காது. நிமிடத்துக்கு 3000 சுற்றில், நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 100 வெடிப்புகள். மூன்று சிலிண்டரில் 75. கர்நாடக இசையின் ஸட்ஜத்துக்கும் (ஸ) சுத்த மத்தியமத்துக்கும் (ம) உள்ள அதே விகிதம்! முகப்பு விளக்கைக் கண்ணாகவும் கிரில்லை வாயாகவும் பார்த்து மயங்குவதும் உண்டு. ஆனால் ஓட்டுபவர் அந்த முகத்தைப் பார்ப்பதே இல்லை.

மீதிப் பாதி மூளையில். மிதித்தால் எப்போது பாயும், திருப்பினால் எவ்வளவு சாயும் என்று மூளை ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது. தாமதமாகப் பதில் சொல்லும் வண்டியைக்கூட, தாமதம் ஒரே மாதிரி இருந்தால் அது கற்றுக்கொள்ளும். ஒருமுறை உடனே பாய்ந்து மறுமுறை தயங்கும் வண்டிமீதுதான் எரிச்சல் வருகிறது. பத்து வருடம் ஓட்டிய காரில் கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கும் என்று உரிமையாளரின் கால் யோசிப்பதில்லை. அதே காரை ஒருநாள் இரவல் வாங்கிய நண்பர், முதல் சாலைச் சந்திப்பிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, "என்ன வண்டி இது!" என்பார்.