ஆட்சியான இயல்பும் பின்னிடைவான இயல்பும்

பெரும்போக விதைப்புக்கு முன்னர் மட்டக்களப்பின் படுவான்கரையில் நடந்த விவசாய வகுப்பொன்றில், விதைநெல் கலப்பைப் பற்றிப் பேசிய வளவாளர், அரிசியின் சிவப்பு நிறம் 'பலமான பண்பு' என்றும் வெள்ளை நிறம் 'பலவீனமான பண்பு' என்றும் திரையைப் பார்த்து வாசித்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த முதிய விவசாயி உடனே கேட்டார்: "அப்ப வெள்ள நெல்லு பூச்சிக்குத் தாங்காதா சேர்?" கேள்வியில் பிழையில்லை, பலவீனம் என்று சொன்னால் தமிழ் அறிந்த எவரும் அப்படித்தான் விளங்கிக்கொள்வர். பரம்பரையியலில் வரும் டொமினன்ட், ரெசெசிவ் என்னும் ஆங்கிலச் சொற்களுக்கான இந்த மொழிபெயர்ப்பைத் தனியார் வகுப்புக் குறிப்புகளிலும் பல தடவை கண்டு சலித்த பின்னரே இதனை எழுதுகிறேன்.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1856 தொடக்கம் 1863 வரை பட்டாணியில் கலப்புச் செய்து பார்த்த துறவி கிரெகர் மெண்டல், 1866இல் வெளியான தமது ஜேர்மன் கட்டுரையில், கலப்பினத்தில் வெளித்தோன்றும் இயல்பை 'டொமினீரெண்ட்' என்றும், தோன்றாததை 'ரெசெசிவ்' என்றும் குறித்தார். முன்னையது வீட்டுத் தலைவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பின்னையது பின்வாங்குதல் என்னும் வினையின் வழிவந்தது. அவ்வியல்பு கலப்பினத்தில் பின்வாங்கியோ முற்றாக மறைந்தோ போய், அதன் வழித்தோன்றல்களில் மாறாமல் மீள்வதே பெயருக்குக் காரணம் என்று அவரே விளக்கியுமிருக்கிறார். இலங்கைப் பாடநூல்கள் இவற்றை ஆட்சியான இயல்பு, பின்னிடைவான இயல்பு என்கின்றன. தமிழ்நாட்டில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று வழங்குகிறது.

இவற்றுள் எதையும் எடுக்காமல் பலம், பலவீனம் என்று புதிதாக ஆக்கியவர்கள் மெண்டலின் கணக்கையாவது பார்த்திருக்கலாம். உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தபோது முதற்றலைமுறை விதைகள் யாவும் உருண்டையாயின. அவற்றிலிருந்து வளர்ந்த செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டபோது 5474 உருண்டை விதைகளும் 1850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. பலவீனப்பட்டுப்போன ஒன்று, ஒரு தலைமுறை முழுதும் மறைந்திருந்துவிட்டு, அணுவளவும் மங்காமல் 1850 விதைகளில் திரும்பி வருமா?

நெல்லையே எடுத்துக்கொள்வோம். அரிசித் தோலின் சிவப்புக்குக் காரணமான பரம்பரையலகில் (ஜீனில்) 14 டி.என்.ஏ. எழுத்தளவு துண்டு விடுபட்டுப்போனதாலேயே பெரும்பாலான வெள்ளை இனங்கள் வெள்ளையாயின. தாய்வழியும் தந்தைவழியும் வரும் இரு பிரதிகளில் விடுபடாதது ஒன்று இருந்தாலே சாயம் உண்டாவதற்குப் போதும். ஆதலால் கலப்புப் பயிரின் அரிசி சிவப்பாகிறது. இங்கே எதுவும் எதனோடும் மல்லுக்கட்டவில்லை. 'ஆதிக்கப் பண்பு' என்று எழுதுவோருக்கும் இதுவே என் மறுமொழி: வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை, இல்லாத அடக்குமுறை ஒன்றை அது கற்பிக்கிறது என்பதற்காகவே தள்ளுகிறேன்.

பலவீனம் என்ற பெயர் எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு ஐ.ஆர். 8 போதும். 1966இல் பிலிப்பீன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அந்நெல்லின் குட்டைத்தன்மை பின்னிடைவான இயல்பே. பசளை போட்டாலும் உயர்ந்து சாயாமல் நின்றதால்தான் அது ஆசிய வயல்களைப் பிடித்தது. நெட்டையாக வளர்ந்த 'பலமான' வெள்ளாமை, கதிர் முற்றும் வேளையில் ஒரு காற்றுக்குப் படுத்துவிடும் என்பதை வயலைப் பார்த்துக்கொள்ளும் நம் முல்லைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓங்கு, ஒடுங்கு என்ற இணை செவிக்கு இனியது. ஆனால் ஓங்குதல் என்றால் உயர்தலும் ஆகும். நெட்டைப் பட்டாணிக்கு அது தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. சோளனில் குட்டைத்தன்மையே ஆட்சியாகும் வகையும் உண்டு. அங்கே 'ஓங்கு குட்டை' என்று எழுத நேரும்.

வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கையில் அந்த விவசாயிக்கு ஆட்சி என்ற சொல்லையே விளக்கிப் பார்த்தேன். காணி உறுதியில் அண்ணன், தம்பி இருவர் பெயரும் இருக்கின்றன. தம்பி வெளிநாட்டில் இருக்க, அண்ணன் ஆண்டு அனுபவிக்கிறார். வயலில் தெரிகிற ஆள் அண்ணன்தான், ஆனால் தம்பியின் பங்கு அழியவில்லை, தம்பி நோயாளியும் இல்லை. அவருடைய பிள்ளைகள் நாளைக்கு உறுதியோடு வந்து நிற்பார்கள். "ஓம், வருவாங்கதான்" என்று அவர் சிரித்தார். ஆள் என்னும் அடியில் பிறந்த ஆட்சிக்குள் இந்தப் பொருள் முழுதும் இருக்கிறது.

பின்னிடைவுக்கு வந்த கேடு வேறு. பின்னிடுதல் என்றால் பின்வாங்குதல். மெண்டல் கருதியதும் அதுவே. செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதும் 'தேர்தலில் பின்னடைவு' காதில் ஏறி, மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் ஓர் எழுத்தை மாற்றிப் பின்னடைவு என்று எழுதினார்கள். பின்னடைவிலிருந்து தோல்வியும், தோல்வியிலிருந்து பலவீனமும் வந்தன. அன்றைய வகுப்பில் தந்த அச்சுத்தாளிலும் முதற்பக்கத்தில் 'பின்னடைவான' என்றும் மூன்றாம் பக்கத்தில் 'பலவீனமான' என்றும் இருந்தது. முதலாவதில் னகரத்தை 'னி' ஆக்கி, மற்றதை அடித்து, இரண்டையும் 'பின்னிடைவான' என்று திருத்தி, அந்தத் தாளை வளவாளரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.