மாட்டிடமிருந்து தொற்றிய காய்ச்சலுக்கும் இழப்பீடு உண்டு

ஏழெட்டு மாதச் சினையில் மாடு கன்றை வீசிவிட்டால், அதாவது கரு கலைந்து விழுந்துவிட்டால், நஞ்சுக்கொடியை வெறும் கையால் அள்ளிப் போடுவது பெரும்பாலும் பண்ணையாள்தான். கன்றுவீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸ் கிருமி அந்தக் கொடியிலும் பனிக்குட நீரிலும்தான் மிகுதியாக இருக்கும். உள்ளே புகக் கையில் ஒரு கீறல் போதும். சில வாரம் கழித்து விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவு வியர்வை, இடுப்புவலி, மூட்டுவலி என்று தொடங்கும். டைபாய்டு என்று நினைத்து மாத்திரை சாப்பிடுவார்கள். தணியும், மறுபடி வரும். வேலைக்குப் போக முடியாது, கூலியும் போகும்.

இப்படி வரும் நோயை வேலையில் நேர்ந்த விபத்தாகவே சட்டம் கருதுகிறது. 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது மூன்றாம் அட்டவணைதான். கால்நடை மருத்துவப் பணி, கால்நடைகளைக் கையாளும் வேலை, செத்த மாட்டின் உடலையோ தோலையோ தொடும் வேலை ஆகியவற்றில் பிடிக்கும் தொற்றுநோய்கள் அதன் முதல் பகுதியிலேயே இருக்கின்றன. ஆகவே தோல் மண்டியில் பச்சைத்தோல் சுமப்பவருக்கு அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) வந்தாலும் இதே உரிமைதான். குறிப்பிட்ட மாதங்கள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தப் பகுதிக்குக் கிடையாது.

தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால் அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக்கூலியில் 25 சதவீதம் கிடைக்கும். கூலி 12,000 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். மருத்துவச் செலவும் முதலாளி பொறுப்பு. இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் முதலாளியிடம் கேட்க வேண்டியதில்லை, இஎஸ்ஐ அலுவலகத்திலேயே கேட்கலாம்.

வழக்கு நிற்பதும் விழுவதும் மருத்துவரின் சீட்டில்தான். எனவே காய்ச்சல் என்று போகும்போதே, "மாட்டுப் பண்ணையில வேலை பாக்குறேன், போன மாசம் ஒரு மாடு கன்னு வீசுச்சு" என்று சொல்லுங்கள். சீட்டில் அதை எழுதித் தரக் கேளுங்கள். அப்படிச் சொன்னால்தான் புரூசெல்லாவுக்கான ரத்தப் பரிசோதனை நினைவுக்கு வரும். முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கூலி கையில் கொடுக்கப்படும் இடங்களில் வேலைக்கான சான்று கிடைப்பது கடினம். வருகைப் பதிவேட்டைப் படம் எடுத்து வைத்திருப்பது நல்லது.

சொந்தமாக இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் பெண்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லாததால் இந்த இழப்பீடு கிடையாது. ஆபத்து அதே அளவு இருக்க, அவர்களை விட்டுவிட்டது இந்தச் சட்டத்தின் பெரிய குறை என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு இன்று கையில் இருப்பது தடுப்பூசி மட்டும்தான். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்குக் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறை போட்டால் போதும். அந்த வயது தாண்டுவதற்குள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள்.