ஆடிட் முடிஞ்சு போச்சு, டீம்ஸ்ல கெஸ்ட் இன்னும் உள்ளதான் இருக்காரு

வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்துல ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வருவாரு, "சார், மெயில்ல அனுப்பி அனுப்பி எது புது ஃபைலு எது பழசுன்னே தெரியல, என்னையும் டீம்ஸ்ல போட்டுடுங்களேன்"னு கேப்பாரு. டீம்ஸுன்னா ஆபீஸ்ல சேந்து பேசவும் ஃபைல் பகிரவும் மைக்ரோசாஃப்ட் குடுக்குற ஆப். அதுல டீம் ஓனர் (அந்தக் குழுவ நடத்துறவரு) அவரோட மெயில் ஐடிய அடிச்சு கெஸ்ட்டா, அதாவது வெளி ஆளா, ஆட் பண்ணிடுவாரு, அவ்ளோதான் வேலை. ஆனா அந்த ஒரு க்ளிக்குக்குப் பின்னாடி நடக்குற விஷயம் நெறைய பேருக்குத் தெரியாது.

மொதல்ல கம்பெனியோட டைரக்டரில, அதாவது யாரெல்லாம் லாகின் பண்ணலாம்ன்ற பட்டியல்ல (மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி, 2023 வரைக்கும் அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரின்னு பேரு) அவருக்கு ஒரு என்ட்ரி உருவாகும். பேருக்குப் பின்னாடி வெளி ஆளுன்னு காட்ட ஒரு வால் இருக்கும், யூசர் டைப் கெஸ்ட்டுன்னு இருக்கும், ஆனா பாஸ்வேர்டு மட்டும் இருக்காது. ஏன்னா அவரு லாகின் பண்ணும்போது பாஸ்வேர்ட செக் பண்றது நம்ம கம்பெனி இல்ல, அவரோட ஆடிட்டர் ஆபீஸ் சிஸ்டம்தான். பாஸ்போர்ட் அங்க குடுக்குறாங்க, விசா மட்டும்தான் நம்மளது.

இதுல ஒரு பெரிய சௌகரியம் இருக்கு. அவரு நாளைக்கு அந்த ஆபீஸ விட்டுப் போனா அங்க அக்கவுண்ட மூடிடுவாங்க, அப்போ நம்ம பக்கமும் அவரால லாகின் பண்ண முடியாது. ஆனா அவசரத்துக்கு அவரோட சொந்த ஜிமெயிலப் போட்டு கூப்பிட்டிருந்தா கதையே வேற, வேலைய விட்டாலும் ஜிமெயில் அவர்கிட்டதானே இருக்கும்! அதனால கெஸ்ட்ட ஆபீஸ் மெயில்லதான் கூப்பிடணும், இதுல சமரசமே கூடாதுன்றது என் கருத்து.

அடுத்து, உள்ள வந்தவரு எதெல்லாம் பாக்கலாம்? டீம்ஸ்ல ஒரு டீமுன்னா அதுக்கு அடில ஒரு குரூப்பும் (உறுப்பினர் பட்டியல்) ஃபைல்கள வைக்கிற ஒரு ஷேர்பாயிண்ட் சைட்டும் இருக்கு, டீம்ல சேத்தா ரெண்டும் தொறந்துடும். ஒரே ஒரு எக்ஸெல் ஷீட்டுக்காக சேத்தவரு அந்த டீமோட எல்லா சாதாரண சேனலையும் (தலைப்பு வாரியா பேசுற இடம்), அவரு வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க சம்பளத்தப் பத்தி அங்க அடிச்சிக்கிட்டதையும் ஸ்க்ரோல் பண்ணி படிக்கலாம். பிரைவேட் சேனல் தப்பிக்கும், அதுக்கு தனியா சேக்கணும். டீம்ஸ் மாதிரியே இன்னொரு ஆப்பான ஸ்லாக்ல கொஞ்சம் பரவால்ல, ஒரு சேனல் மட்டும் பாக்குற கெஸ்ட்டுன்னே ஒரு வகை இருக்கு, எந்தத் தேதியோட முடியணும்னும் போட்டுடலாம். வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அனுமதி குடுன்ற விதிய கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975லயே எழுதிட்டாங்க. ஆடிட்டருக்குன்னு தனி டீம் போட அஞ்சு நிமிஷம்கூட ஆகாது, அதத்தான் யாரும் செய்றதில்ல.

இருக்கறதுலயே சிக்கல் வெளிய அனுப்புறதுலதான். டீம்லேர்ந்து ரிமூவ் பண்ணா டீம் மட்டும்தான் போகும், டைரக்டரில அந்த என்ட்ரி அப்படியே உக்காந்திருக்கும், தனியா ஷேர் பண்ண ஃபைல்களும் தொறந்தபடியே இருக்கும். டைரக்டரிலேர்ந்தே டெலிட் பண்ணாலும், அதுக்கு முன்னாடி அவருக்குக் கெடச்ச ஆக்சஸ் டோக்கன் (லாகின் பண்ணதும் ஆப்புக்குக் காட்ட கெடைக்கிற தற்காலிக சீட்டு) பொதுவா ஒரு மணி நேரத்துலேர்ந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் செல்லும். அக்கவுண்ட் போனத ஆப்புக்கு உடனே சொல்ற ஏற்பாடு இப்போ இருக்கு, ஆனா எல்லா ஆப்பும் அத கேக்குறதில்ல, கெஸ்ட் விஷயத்துல அத நம்பி இருக்கவும் முடியாது. தெரியாம டெலிட் பண்ணிட்டா 30 நாளுக்குள்ள மீட்டுக்கலாம்.

இன்னொன்னு, டைரக்டரியோட டீஃபால்ட் செட்டிங்ல கெஸ்ட்டே இன்னொரு கெஸ்ட்ட கூப்பிட முடியும். இத மாத்தாத கம்பெனில யாரு யார கூப்பிட்டாங்கன்னு தேடவே ஒரு ஆள் போடணும்.

ஐடி டீம்கிட்ட கெஸ்ட் லிஸ்ட்டக் குடுத்து யார தூக்கலாம்னு கேட்டா பாவம் அவங்களுக்கு என்ன தெரியும், அந்த ஆளு எதுக்கு வந்தாருன்னு டீம் ஓனருக்குத்தான் தெரியும். அதனால ஆக்சஸ் ரிவியூன்னு ஒரு வசதி இருக்கு (இதுக்கு தனி லைசென்ஸ் வேணும், காசுதான்), மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஓனருக்கே மெயில் போய் "இவரு இன்னும் வேணுமா"ன்னு கேக்கும். ஓனரு அந்த மெயில பாக்கவே மாட்டாரு, அது நமக்குத் தெரிஞ்சதுதான், அதனால பதில் வரலன்னா அனுமதிய எடுத்துடுன்ற ஆப்ஷன மறக்காம போட்டு வைங்க. 30 நாள் லாகின தடுத்து வெச்சுட்டு அப்புறம் டெலிட் பண்ற மாதிரியும் போடலாம், உண்மையிலேயே தேவைப்படுற கெஸ்ட்டா இருந்தா அதுக்குள்ள அவரே ஃபோன் பண்ணிடுவாரு.